தனி அறையும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போதாதா?

வாசகர் கேள்வி: எங்களுடையது மூன்று மாடி அலுவலகம், மத்திய ஏசி, சுமார் 120 பேர் வேலை செய்கிறோம். புகைப்பவர்களுக்காக இரண்டாம் மாடியில் கண்ணாடித் தடுப்பு போட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனும் ஏர் பியூரிஃபையரும் வைத்து ஓர் அறை கட்ட நிர்வாகம் நினைக்கிறது. "வேப் (மின்-சிகரெட்) வெறும் நீராவிதானே, மேசையிலேயே பிடிக்கலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். விதிமுறையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எப்படி எழுதுவது?

பதில்: அறை கட்டும் யோசனையைக் கைவிடச் சொல்லுங்கள். கட்டடத்துக்குள் எங்கும் புகையில்லை, வேப்பும் இல்லை என்று எழுதுவதுதான் மலிவானது, நடைமுறைக்கும் எளிது. ஆனால் எழுத உட்காரும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். பல நாடுகளில் மூடிய பணியிடத்தில் புகைப்பது ஏற்கெனவே குற்றம். 2004 மார்ச் 29 அன்று அயர்லாந்து நாடு முழுக்கப் பணியிடங்களில், மதுக்கூடங்கள் உட்பட, இதைத் தடைசெய்தது. உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 8ஆம் பிரிவுக்கு 2007இல் வந்த வழிகாட்டுதலும் தனி அறை, காற்றோட்டம், வடிகட்டி எதுவும் போதாது என்றே சொல்கிறது.

ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்கு. 20 சதுர மீட்டர் பரப்பும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறையில் 60 கன மீட்டர் காற்று இருக்கும். ஒரு சிகரெட் எரிந்து முடியும்போது நுண்துகள் சுமார் 10 மில்லிகிராம் வெளியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் சேர்ந்து பிடித்தால் 30 மில்லிகிராம். ஃபேன் ஓடாத அறையில் அது கன மீட்டருக்கு 500 மைக்ரோகிராம் ஆகிறது. நாள் சராசரி 15ஐத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பு 2021இல் வகுத்த அளவு. இப்போது மணிக்கு பத்து முறை முழுக் காற்றையும் மாற்றும் ஃபேன் ஒன்றைப் போடுகிறோம். காற்று நன்றாகக் கலந்து வெளியேறினாலும் 500 என்பது 15க்கு இறங்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த மூவர் உள்ளே வந்துவிடுவார்கள்.

பத்து முறை என்ற அளவை நானாகச் சொல்லவில்லை, பிரான்ஸின் சட்டத்தில் இருப்பது. அங்கே பணியிடத்தில் புகை அறை வேண்டுமென்றால் காற்று மணிக்குக் குறைந்தது பத்து முறை மாற வேண்டும்; வெளி அறையைவிட உள்ளே 5 பாஸ்கலாவது அழுத்தம் குறைந்திருக்க வேண்டும்; கதவு தானாக மூட வேண்டும்; பரப்பு 35 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. இவற்றைவிடக் கூர்மையான நிபந்தனை ஒன்று உண்டு. ஆள் யாரும் இல்லாமல் ஒரு மணி நேரமாவது காற்று மாறிய பிறகுதான் துப்புரவுப் பணியாளர் உள்ளே போகலாம். அந்த ஒரு வரியே அறையின் இலட்சணத்தைச் சொல்லிவிடுகிறது. உங்கள் அலுவலகத்தில் அந்த ஒரு மணி நேரத்தை யார் காத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

நடைமுறையில் கோளாறு பெரும்பாலும் கதவில்தான் தொடங்கும். கீல் கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது பம்ப் போல வேலை செய்யும். வெளியே வருபவரின் முதுகுக்குப் பின்னாலேயே ஒரு கற்றைப் புகையும் வரும். அடுத்தது ஏசி. அறையிலிருந்து ஏசிக்குத் திரும்பும் காற்று பொது டக்ட்டில் (காற்றுக் குழாயில்) சேர்ந்தால் மூன்று மாடிக்கும் நீங்களே புகையைப் பங்குபோட்டுக் கொடுக்கிறீர்கள். டக்ட்டைப் பிரித்தாலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தடுப்பு கூரைவரை போயிருக்கிறதா என்று பாருங்கள்; பல இடங்களில் போயிருக்காது. ஏர் பியூரிஃபையரின் ஹெப்பா வடிகட்டி துகளைப் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு, பென்சீன் போன்ற வாயுக்கள் அதன் வழியே தாராளமாகப் போகும். திரையிலும் கம்பளத்திலும் படிந்த நிக்கோட்டினை எந்த இயந்திரமும் உறிஞ்சாது. கட்டடக் காற்றோட்டத்துக்குத் தரநிலை வகுக்கும் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயும், உள்ளே புகைப்பதைத் தடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றே சொல்கிறது. ஃபேன் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் சொல்வதால் இதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

இனி வேப். அது நீராவி அல்ல. புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சூடேறி உண்டாகும் நுண்துளி மூட்டம். அதில் பெரும்பாலும் நிக்கோட்டினும் சுவையூட்டியும் இருக்கும். எதுவும் எரிவதில்லை என்பதால் சிகரெட் புகையைவிட நச்சு குறைவு. அதை மறைக்க வேண்டியதில்லை. குறைவு என்பதற்காகப் பக்கத்து மேசைக்காரர் அதைச் சுவாசிக்க வேண்டும் என்று ஆகிவிடாது. திரவம் தீர்ந்து திரி காய்ந்த நிலையில் இழுத்தால் ஃபார்மால்டிஹைடு எகிறும். சூடேற்றும் கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் வரலாம். ஒளிக்கதிர் வகைத் தீயறிவிப்பான்கள் இந்த மூட்டத்தைப் புகையென்று எடுத்துக்கொண்டு அலறும், பிறகு 120 பேரும் படியிறங்க வேண்டியதுதான். இந்தியா 2019இல் இவற்றின் விற்பனையையே தடைசெய்துவிட்டது. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். விற்பனையை அனுமதிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிக்கோட்டின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், தொட்டி 2 மில்லிலிட்டர், நிரப்புக் குப்பி 10 மில்லிலிட்டர் என்று உச்சவரம்பு உண்டு, குழந்தைகள் திறக்க முடியாத மூடியும் கட்டாயம். அந்தச் சிறு குப்பியிலேயே 200 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கிறது என்று கணக்கிட்டால் மூடிக்கு ஏன் சட்டம் என்பது விளங்கும். திரவம் தோலில் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், நிக்கோட்டின் தோல் வழியாகவும் இறங்கும். பயன்படுத்தித் தூக்கியெறியும் வகையைக் காகிதக் கூடையில் போட விடாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, நசுங்கினால் தீப்பிடிக்கும்.

வெளியே இடம் ஒதுக்குவதானால் வாசல், திறக்கும் சன்னல், ஏசிக்கு வெளிக்காற்று இழுக்கும் கிரில் மூன்றிலிருந்தும் குறைந்தது 7.5 மீட்டர் தள்ளி ஒதுக்குங்கள். நேரில் நின்று பார்த்து முடிவெடுங்கள். வரைபடத்தில் கிரில் எங்கே இருக்கிறது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. மொட்டைமாடிப் படிக்கட்டு வேண்டவே வேண்டாம், படிக்கூடம் புகைபோக்கிபோல வேலை செய்யும். சாம்பல் கிண்ணத்தை வாசலில் வைத்தால் அதுவே புகைக்குமிடம் ஆகிவிடும்; ஒதுக்கிய இடத்தில் மட்டும் வையுங்கள்.

விதியின் வாசகம் இப்படி இருக்கலாம்: "கட்டடத்துக்குள்ளும் அலுவலக வாகனங்களிலும் புகையிலைப் பொருள், சூடேற்றும் புகையிலை, நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்-சிகரெட் எதையும் பயன்படுத்தக் கூடாது. ஊழியர், மேலாளர், விருந்தினர் அனைவருக்கும் பொருந்தும்." 'நிக்கோட்டின் இல்லாவிட்டாலும்' என்ற சொற்களை விட்டால் ஒவ்வொரு முறையும் குப்பியை வாங்கிப் பரிசோதிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். புகார் யாரிடம் தர வேண்டும் என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள். முதல் மீறலுக்கு எச்சரிக்கை, அடுத்ததற்கு என்ன என்பதும் இருக்கட்டும்.

நிர்வாகம் ஆதாரம் கேட்டால் ஸ்காட்லாந்தைக் காட்டலாம். 2006 மார்ச்சில் அங்கே தடை வந்தபின், ஆய்வுக்கு எடுத்த ஒன்பது மருத்துவமனைகளில் மாரடைப்பு வகைக் கோளாறுகளுக்கான அனுமதி 17 சதவீதம் குறைந்தது. ஒருபோதும் புகைக்காதவர்களிடம் 21 சதவீதம்.

விதி நடைமுறைக்கு வரும் நாளுக்கு எட்டு வாரம் முன்பே அறிவித்துவிடுங்கள். அந்த இடைவெளியில் விட நினைப்பவர்களுக்கு மருத்துவ ஆலோசனைக்கு வழி செய்யலாம். நிக்கோட்டின் சூயிங்கம் வாங்குபவர்கள் பொதுவாகச் செய்யும் தவறு, சாதாரண கம் போல மென்றுகொண்டே இருப்பது. அப்படி மென்றால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. மெல்லும் முன் கால் மணி நேரம் காப்பியோ குளிர்பானமோ வேண்டாம். வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் சரியாக இறங்காது.