அரசுப் பள்ளி வகுப்பில் நோன்பு, கிறிஸ்துமஸ், கோயில் கொடை வரும் படக்கதைகளை வாசிக்கலாமா? பெற்றோர் ஆட்சேபித்தால்?

தாராளமாக வாசிக்கலாம். இராமநாதபுரம் மாவட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். மூன்றாம் வகுப்பில் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம், ஹெச்.எம். கேட்பது அதைத்தான். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-வது பிரிவு. சமயங்களைப் பற்றிப் படிப்பது அந்தத் தடைக்குள் வராது என்று 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, கதையில் வரும் சிறுமி கையேந்தி துஆ, அதாவது பிரார்த்தனை, கேட்பதை வாசிக்கலாம், வகுப்பையே கையேந்தச் சொல்லக் கூடாது. கிறிஸ்துமஸ் குடில் படத்தைக் காட்டலாம், ஜெபம் நடத்தக் கூடாது. சரஸ்வதி பூஜைக்கும் இதே அளவுகோல்தானே என்றால் சில சக ஆசிரியர்களுக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

எனக்குத் தலைவலி சட்டம் அல்ல, படங்கள்தான். என் கைக்கு வரும் நோன்புக் கதைகளில் பெரும்பாலும் பெரிய கும்மட்டம், மேசை நிறையப் பேரீச்சம்பழம், சமோசா. எங்கள் பக்கத்துக் கீழக்கரைப் பழைய பள்ளிவாசலைப் பாருங்கள்: வரிசையாகக் கல்தூண்கள், கோயில் மண்டபங்களில் பார்க்கும் அதே கல்தச்சு வேலை. நோன்பு திறக்க இங்கே பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றிய கஞ்சி. சாயங்காலம் தூக்குவாளியோடு நிற்கிற வரிசையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பிள்ளைகளுக்குப் புத்தகம் தன்னைப் பார்க்கும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், அடுத்தவர் வாழ்க்கையைப் பார்க்கும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-இல் எழுதினார். இந்தப் படங்களிலோ எங்கள் ஊர் முஸ்லிம் பிள்ளைக்கே தன் முகம் தெரிவதில்லை.

மற்றவையும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் என்றால் பனி கொட்டும். இந்துப் பண்டிகை என்றால் பட்டுப்பாவாடை, கொலுப்படி, சுண்டல். குலசாமி கோயிலில் கிடா வெட்டிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை அந்தப் பக்கங்களில் எங்கே? ஒரு வீட்டுப் பழக்கத்தைக் காட்டிவிட்டு அதுதான் மதமே என்று சொல்லும் புத்தகத்தை நான் எடுப்பதில்லை. 'இஸ்லாம் என்பது' என்று தொடங்கினால் அது பீரோவிலேயே இருக்கட்டும். முதல் நோன்பு பிடித்த பிள்ளை மத்தியானம் ஊறுகாய் ஜாடியையே சுற்றிச் சுற்றி வருகிறதா, அது கதை.

வாசிக்கும்போது ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வகுப்பில் இருக்கும் ஒரே முஸ்லிம் பிள்ளையை எழுப்பி, "நீ சொல்லும்மா, நீங்கள்லாம் எப்படி?" என்று கேட்பது. எட்டு வயதுப் பிள்ளையா ஒரு மதத்துக்கே பதில் சொல்வது? "யார் வீட்டுலயாவது சாப்பிடாம இருக்கிற நாள் உண்டா?" என்று எல்லோரையும் பார்த்துக் கேளுங்கள். ஆயாவின் சஷ்டி விரதம், தவக்கால வெள்ளிக்கிழமை, ஒருவேளைச் சாப்பாட்டில் முருகனுக்கு மாலை போட்ட சித்தப்பா என்று வரிசையாக வந்து விழும். அந்தப் பிள்ளைக்கும் தோன்றினால் தானாகவே பேசும்.

பெற்றோர் வருவார்கள். "எம்புள்ளைக்கு எதுக்கு டீச்சர் அந்தக் கதையெல்லாம்?" விவாதம் வேண்டாம். உட்காரவைத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள், நாலு நிமிஷத்தில் வாசித்து முடித்துவிடலாம். அதற்கும் சமாதானம் ஆகாதவரிடம் அந்தப் பருவத்துக்கான கதைப் பட்டியலைக் காட்டுவேன். நோன்புக் கதைக்கு மேலே வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கதை, கீழே முளைப்பாரிக் கதை. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இதே பட்டியலை முன்கூட்டியே வைத்துவிட்டால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

புத்தகத்துக்குக் காசு இல்லையென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது, தமிழிலும் கதைகள் உண்டு, இலவசம். திறந்த உரிமத்தில் வருவதால் அச்செடுக்கலாம், வரிகளை மாற்றலாம். சமோசா என்ற இடத்தில் கஞ்சி என்று நானே மாற்றிக்கொள்வேன். கும்மட்டம் வருகிற பக்கத்துக்கு மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டிப் பிள்ளைகளிடம் கிரேயானோடு கொடுத்துவிடுவது.