கூர்க்கன் வாடலும் ட்ரைக்கோடெர்மாவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரு ஏக்கரில் மருந்துக் கூர்க்கன் என்ற மூலிகைக் கிழங்குப் பயிர் போட்டிருக்கிறோம். இரண்டாம் மாதத்தில் செடிகள் வாடிச் சாய்கின்றன. ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கரைத்து ஊற்றியும் நிற்கவில்லை. ஏன்?
– வாசகர், ஆத்தூர்

பதில்: முதலில் எந்த வாடல் என்று பாருங்கள். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் முங்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போல நூல் நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு ட்ரைக்கோடெர்மாவை நம்ப வேண்டாம். செடியை வேரோடு அகற்றி, அங்கே பாய்ந்த தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் தடுத்துவிடுங்கள். வேரில் முடிச்சு இருந்தால் நூற்புழுவும் சேர்ந்திருக்கிறது. அது துளைத்த இடம் வழியாகத்தான் வாடல் கிருமி சுலபமாக நுழைகிறது.

தண்ணீர் தெளிவாகவே இருந்து, வேர் பழுப்பாக அழுகியிருந்தால் பெரும்பாலும் பூஞ்சைதான். இங்கே ட்ரைக்கோடெர்மா உதவும், ஆனால் நடவுக்கு முன்பே மண்ணில் இருக்க வேண்டும். அது சுரக்கும் நச்சுப்பொருள்களும், நோய்ப் பூஞ்சையின் செல் சுவரைக் கரைக்கும் கைட்டினேஸ் நொதியும், அது வேரடியில் உயிரோடு வளர்ந்தால்தான் கிடைக்கும். அழுகிய வேரை எதுவும் மீட்காது.

அடுத்த நடவுக்கு 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் 1 கிலோ ட்ரைக்கோடெர்மா கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நின்று தண்ணீர் சொட்டாத ஈரத்தில் வையுங்கள். நிழலில் குவித்து ஈரச் சாக்கால் மூடி, மூன்று நாளுக்கொருமுறை கிளறுங்கள். 15 நாளில் பச்சை படர்ந்துவிடும். ஒரு ஏக்கருக்கு இது போதும். மக்காத சாணத்தில் கலந்தால் அதன் சூட்டிலேயே செத்துப்போகும். நடும் நுனித் துண்டுகளை லிட்டருக்கு 10 கிராம் ட்ரைக்கோடெர்மா கலந்த கரைசலில் அரை மணி நேரம் நனையுங்கள். கார்பண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியோடு மட்டும் சேர்க்காதீர்கள். ட்ரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், அந்த மருந்து இதையும் கொன்றுவிடும். பொட்டலத்தில் காலாவதி தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: அசாக்ஸிஸ்ட்ரோபின் என்ற பூஞ்சைக்கொல்லி காளானிலிருந்து வந்தது என்கிறார்களே, இயற்கை விவசாயத்தில் தெளிக்கலாமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: கூடாது. பைன் மரக் காய்களில் முளைக்கும் ஒரு சிறு காளானிலிருந்து ஸ்ட்ரோபிலூரின் என்ற பூஞ்சையைக் கொல்லும் பொருளை 1977இல் ஜெர்மனியின் டிம் அங்கேவும் வுல்ஃப்காங் ஸ்டெக்லிச்சும் பிரித்தெடுத்தார்கள். அது வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் அதை மாதிரியாக வைத்து, வெயில் தாங்கும்படி ஆலையில் செய்த மூலக்கூறுதான் 1996இல் கடைக்கு வந்த அசாக்ஸிஸ்ட்ரோபின். மூலம் காளான் என்றாலும் இது ரசாயன மருந்தே. மருந்துக்குப் போகும் கூர்க்கன் கிழங்கில் இதன் எச்சம் இருந்தால் வாங்குகிறவர் சரக்கைத் திருப்பிவிடலாம்.