ஒன்பது கேள்வி கேட்டுவிட்டு மாத்திரையா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. அப்பா போய் ஒன்றரை வருடம். ஆறு மாதமாக உடம்பு வலி, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்கிறார். ரத்தம், தைராய்டு, ஈசிஜி எல்லாம் சரியாக இருக்கிறது. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஒரு தாளை வைத்து ஒன்பது கேள்வி கேட்டார். மனச்சோர்வு என்று எசிட்டலோபிராம் எழுதிக் கொடுத்தார். ஐந்து நாளாகிறது, குமட்டல்தான் மிச்சம். ‘பைத்திய மாத்திரை, பழகினால் விட முடியாது’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. குமட்டல் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். சாப்பிட்டபின் கொடுத்துப் பாருங்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஐந்தாம் நாளில் தொந்தரவு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பலர் விட்டுவிடுவதும் அப்போதுதான்.

பழக்கமாகும் என்ற பயம் தூக்க மாத்திரைக்குப் பொருந்தும். அல்பிரசோலத்தைக் கடையில் கேட்டு வாங்கி வருடக்கணக்காகப் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். இது அந்த வகை இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, அப்புறம் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அந்தத் தாளை லேசாக நினைக்காதீர்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லையா, தூக்கம், பசி, அசதி, கவனம் எப்படி என்று கேட்பார்கள். ஒரு நாளும் இல்லையென்றால் 0, அநேகமாகத் தினமும் என்றால் 3. மொத்தம் 27-க்கு 10 வந்தாலே டாக்டர் அக்கறையோடு பார்ப்பார். தைராய்டு, ரத்தசோகை, துக்கம் எல்லாவற்றையும் சேர்த்து யோசித்துத்தான் முடிவு செய்வார். நம் ஊரில் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. மூட்டு வலி, நெஞ்சு படபடப்பு என்றுதான் வருவார்கள். உங்கள் டாக்டர் அதைப் பிடித்திருக்கிறார், எனக்குச் சந்தோஷம். ஒரு மாதம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்கச் சொல்லுங்கள். பிரஷர் போல, ஏறியதா இறங்கியதா என்று தெரிய வேண்டும்.

ஒன்று முக்கியம். உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் வலி மாத்திரை இருக்கிறதா? டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவற்றை இதோடு சேர்த்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அம்மா வயதில் இந்த மாத்திரையால் ரத்தத்தில் உப்புச்சத்தும் (சோடியம்) குறையலாம். புதிதாகக் குழப்பமோ தள்ளாட்டமோ தெரிந்தால் காத்திருக்காதீர்கள்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. மகள் பக்கத்தில் நின்றால் எந்தத் தாயும் ‘அதெல்லாம் இல்லை டாக்டர்’ என்றுதான் சொல்வார். அடுத்த முறை ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே நில்லுங்கள். வீட்டில் நீங்களும் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ‘ஆமாம்’ என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைப் பெட்டியைப் பூட்டிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இரவு நேரமென்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உடனே 108.