சத்தத்தை எப்படிக் கீறுவது?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையச் சுவரில், பிள்ளைகளைக் கொண்டு பூச்சிகளின் சத்தத்தை ஓவியமாக்க விரும்புகிறோம். பூச்சியைக் கீறலாம், சத்தத்தை எப்படிக் கீறுவது?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, முதலில் தூரிகையை வைத்துவிட்டு, பொழுதுபடுகிற நேரம் பிள்ளைகளைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போங்கள். (யானை வருகிற பக்கமென்றால் நாலு பெரியவர்களும் கூடப் போகவேண்டும்.) கண்ணை மூடி, கரிக்கட்டியோடு, கேட்கிற சத்தத்துக்குக் கை போகிறபடி போகட்டும். முத்தையன்கட்டுப் பக்கம் நான் இப்படிச் செய்தபோது ஒரு சின்னவள் தாள் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குத்தினாள். சில்லூறின் சத்தம் அதேதான், விட்டுவிட்டு வருவது. ஒரு முன்சிறகின் அரம் போன்ற நரம்பை மற்றச் சிறகின் விளிம்பு உரசுகிறது.

பாலை மரத்தில் பகலெல்லாம் இரைகிற சிள்வண்டுக்கு நீளப் பட்டை கீறுங்கள். அது சிறகை உரசுவதில்லை. வயிற்றின் இரு பக்கச் சவ்வையும் தசை உள்ளிழுத்து விடுகிறது. தகர மூடியை அமத்தி விட்டால் 'டக்' என்னுமே, அதுபோல, செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தரம். உள்ளே வெறுமையான வயிறு உடுக்குப்போல அதைப் பெருக்கும்.

இரண்டிலும் கத்துவது ஆண். கேட்கிற பெண்ணையும் கட்டாயம் கீறுங்கள். சில்லூறுக்குக் காது முன்னங்காலில்! இதைச் சொன்னால் பிள்ளைகள் உங்களை விடமாட்டார்கள்.

வெக்கை கூடினால் சில்லூறு வேகமாகக் கத்தும். பங்குனி இரவுக்குப் புள்ளிகள் நெருக்கமாக, மார்கழி இரவுக்கு ஐதாக. சுண்ணாம்பு பூசுவதை மாரி முடிந்து, தை பிறந்தபின் வையுங்கள்.