வாத்து முட்டை ஓடு மெலிவதற்கு வயலில் அடிக்கும் மருந்து காரணமா?

கேள்வி: நாற்பது வாத்துகளும் பதினைந்து நாட்டுக்கோழிகளும் வளர்க்கிறேன். எல்லாம் எங்கள் நெல் வயல்களில்தான் மேய்கின்றன. இரண்டு பருவமாக வாத்து முட்டை கை பட்டாலே நொறுங்குகிறது; அடை வைத்தால் பாதிகூடப் பொரிப்பதில்லை. பூச்சிமருந்து பறவைகளின் ஹார்மோனைக் கெடுக்கும் என்கிறார்கள். அதை எப்படிக் கண்டறிவது? (ஒரு விவசாயி, திருவாரூர் மாவட்டம்)

பதில்: ஐயா, தங்கள் சந்தேகம் நியாயமானது, ஆனால் ஓடு மெலிந்திருப்பதை மட்டும் வைத்து மருந்தின்மீது பழி போட முடியாது. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, கோடை வெப்பத்தில் பறவை வாய் திறந்து இளைப்பது, முதிர்ந்த வயது, நச்சுயிரி நோய் ஆகிய எவையும் ஓட்டை மெலியச் செய்யும். ஆகவே முதலில் தங்கள் கோழிகளின் முட்டையைப் பாருங்கள். டி.டி.டி. என்ற பழைய பூச்சிமருந்து சிதைந்து உண்டாகும் டி.டி.இ. என்ற பொருள், ஓடு உருவாகும் சுரப்பியில் சுண்ணாம்பு படிவதைத் தடுக்கிறது. இதில் கோழியும் காடையும் எளிதில் பாதிக்கப்படுவதில்லை, வாத்து பாதிக்கப்படும், வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் மிகக் கடுமையாகப் பாதிக்கப்படும். ஒரே தீவனம் தின்னும் கோழியும் வாத்தும் சேர்ந்தே மெல்லிய முட்டையிட்டால் சத்துக்குறைவையும் நோயையும் தேடுங்கள். வாத்து முட்டை மட்டும் மெலிந்தால் நஞ்சின்மீதான சந்தேகம் வலுக்கும். இந்தியாவில் டி.டி.டி.யை வேளாண்மையில் பயன்படுத்த 1989ஆம் ஆண்டிலேயே தடை வந்தபோதிலும், அதன் எச்சம் மண்ணில் நெடுங்காலம் தங்கும் இயல்புடையது.

ஓட்டைக் கண்ணால் மதிப்பிடாமல் எடை போடுங்கள். இங்கிலாந்தில் டெரெக் ராட்கிளிஃப் என்ற பறவை ஆய்வாளர், சேகரிப்புகளில் இருந்த பழைய பொரி வல்லூறு முட்டைகளின் ஓட்டு எடையை அவற்றின் நீள அகலத்தோடு ஒப்பிட்டுத்தான், 1947 வாக்கில் ஓடு மெலியத் தொடங்கியதை 1967இல் வெளியிட்டார். முட்டையை நிறுத்து, உடைத்து, ஓட்டைக் கழுவி, ஒரு நாள் உலர்த்தி, கிராம் தராசில் மறுபடி நிறுங்கள். ஓடு முட்டை எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். இருபது முட்டையாவது எடுத்தால்தான் அந்தக் கணக்கை நம்பலாம்.

ஹார்மோன் கெடுவது ஓட்டில் மட்டும் தெரிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நெல்லில் இலையுறை கருகலுக்கு அடிக்கும் புரோபிகோனசோல், டெபுகோனசோல் போன்ற பூஞ்சாணக்கொல்லிகள், ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் நொதியைத் தடுக்கக் கூடியவை என்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இத்தகைய பாதிப்பு, நல்ல ஓடுள்ள முட்டையிலும் கருவைக் கெடுத்துவிடலாம். அடை வைத்த ஏழாம் எட்டாம் நாளில், இருட்டறையில் டார்ச் விளக்கின்மேல் முட்டையை வைத்துப் பாருங்கள்: சிலந்தி வலைபோல் சிவந்த நரம்புகள் ஓடினால் கரு இருக்கிறது, ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தால் கருவே கூடவில்லை, அல்லது மிகத் தொடக்கத்திலேயே இறந்துவிட்டது. கரு கூடாத முட்டை மிகுந்தால் முதலில் ஆண் வாத்தின் எண்ணிக்கையையும் வயதையும் கவனியுங்கள். கரு கூடிப் பாதியில் இறந்தால் நஞ்சையும் அடைச் சூட்டையும் சேர்த்தே ஆராய வேண்டும். இவ்விரண்டையும் கலந்து "பொரிக்கவில்லை" என்று ஒரே கணக்காக எழுதினால் காரணம் என்றுமே பிடிபடாது.

அடுத்து, வாத்துகளைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை மூன்று மாதம் வயலுக்கு விடாமல் அதே வகைத் தீவனத்தில், கிளிஞ்சல் சேர்த்துப் பட்டியில் வையுங்கள். வெளியில் மேயும் பாதிக்கும் கிளிஞ்சல் கொடுங்கள். கொழுப்பில் சேரும் எச்சம் மெதுவாகவே வெளியேறும் என்பதால் சில வாரத்தில் பலன் தெரியவில்லையே என்று கைவிட்டுவிடாதீர்கள்.

உறுதியான விடை ஆய்வகத்திலிருந்துதான் வரும். மஞ்சள் கருவுக்கான மூலப்புரதத்தைப் பெண் ஹார்மோனின் தூண்டலால் கல்லீரல் உண்டாக்குகிறது. அது ஆண் வாத்தின் இரத்தத்தில் மிகுதியாகக் காணப்பட்டால், பெண் ஹார்மோன்போல் செயல்படும் ஏதோ ஒன்று உடலில் புகுந்திருக்கிறது என்று பொருள். ஆகவே கால்நடை மருத்துவமனைக்குச் செல்லும்போது முட்டைகளோடு ஓர் ஆண் வாத்தையும் கொண்டு செல்லுங்கள். தங்கள் வயலிலும் பக்கத்து வயலிலும் எந்த மருந்து எந்தத் தேதியில் அடிக்கப்பட்டது என்ற குறிப்பும் காலி டப்பாவின் லேபிளும் உடன் இருக்கட்டும். ஆய்வக விடை வரும்வரை, புதிதாக மருந்து அடித்த வயலில் வாத்துகளை மேயவிட வேண்டாம். சந்தேகமுள்ள முட்டைகளை வீட்டுக் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.