கையை எப்போது விடலாம்? நடந்தும் சைக்கிளிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்: கேள்வி பதில்

பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டவும் சாலை கடக்கவும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் தாண்டிவிட்டது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடும் இடத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் ஊரில் வலப்பக்கம் ஓடினால் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. எந்த வயதில் தனியாக நடந்துபோக விடலாம்? (இரண்டாவது குழந்தையும் இருக்கும் ஒரு அம்மா)

வண்டி நடமாட்டமுள்ள சாலையைக் கடக்க வேண்டியிருந்தால், பொதுவாகப் பத்து வயதை ஒட்டி என்பேன். இது வீட்டுக்கு வீடு, சாலைக்குச் சாலை மாறும். ஆனால் எட்டு வயதுக்கு முன்னால் அவசரப்படாதீர்கள். பிள்ளை புத்திசாலியா இல்லையா என்பதல்ல விஷயம். நேராக நம்மை நோக்கி வரும் வண்டி, பார்ப்பதற்கு நகர்வது போலவே இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும், அவ்வளவுதான். அது எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் வேகத்தை ஊகிக்கிறோம். லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் நடந்த ஆய்வு ஒன்றில், வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டரைத் தாண்டினால், அது நெருங்கி வருவதையே தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள் கண்டுகொள்ளாமல் போகக்கூடும் என்று தெரிந்தது. "பார்த்துப் போ" என்று நாம் சொல்வதும், பிள்ளை பார்ப்பதும் உண்மைதான். பார்த்ததிலிருந்து வேகம் புரிவதில்லை.

சரி, உங்கள் மகள் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நீங்கள் அவளைக் கூட்டிப்போகாதீர்கள், அவள் உங்களைக் கூட்டிப்போகட்டும். எங்கே நிற்பது, எப்போது கடப்பது எல்லாம் அவள் முடிவு. நீங்கள் வாயே திறக்கக்கூடாது. ஆபத்து என்றால் மட்டும் கையைப் பிடியுங்கள். போகும்போதே அவள் காண்பதை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள்: "வெள்ளை வேன் வருது, அது போகட்டும். அங்கே ஒரு பைக் திரும்புது."

நான் சொல்லிக்கொடுத்த ஒரு பையன் வலது, இடது, வலது என்று மின்விசிறி மாதிரி அழகாகத் தலையைத் திருப்புவான். "என்னடா பார்த்தே?" என்று கேட்டேன். "பார்க்கலை சார், திருப்பினேன்" என்றான். அதிலிருந்து தலை திரும்புவதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. என்ன வண்டி, என்ன நிறம், நிற்கிறதா வருகிறதா என்று சொல்லத் தெரிய வேண்டும். பத்து நாள் தொடர்ந்து தப்பில்லாமல் கூட்டிப்போனால் அடுத்த கட்டத்தை யோசிக்கலாம்.

கேள்வி: எங்கள் பள்ளிச் சாலையில் இருபக்கமும் கார்களை நிறுத்திவிடுகிறார்கள். அவற்றுக்கு நடுவில் புகுந்துதான் கடக்க வேண்டும். என்ன செய்வது?

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அந்த இடத்துக்குப் போய், பிள்ளையின் உயரத்துக்கு முட்டி போட்டு உட்காருங்கள். யார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. நின்றால் உங்களுக்குத் தெரிகிற சாலை மறைந்து, பம்பரும் முகப்பு விளக்கும்தான் கண்ணெதிரே இருக்கும். வண்டி ஓட்டுபவர் பிள்ளையைப் பார்க்க முடியாத அளவுக்குப் பிள்ளையும் சாலையைப் பார்க்க முடியாது.

முடிந்தவரை வேறு இடத்தில் கடக்க வேண்டும், ஐம்பதடி சுற்றினாலும் சரி. வேறு வழியே இல்லையென்றால் இரண்டு முறை நிற்கப் பழக்குங்கள். முதல் நிற்றல் நடைபாதை ஓரத்தில்: பக்கத்துக் கார்களில் ஆள் இருக்கிறாரா, எஞ்சின் ஓடுகிறதா, பின்னால் வெள்ளை ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்று பார்க்க. ஆள் இருந்தால் அந்த இடைவெளி வேண்டாம். இரண்டாவது நிற்றல் காரின் வெளி மூலையில்: அங்கிருந்து எட்டிப் பார்த்தால்தான் சாலை தெரியும். அந்த மூலையை நாங்கள் 'ஜன்னல்' என்போம். ஜன்னலில் நிற்காமல் தாண்டக்கூடாது.

இன்னொன்று, பெரியவர்களே ஏமாறுகிற இடம். ஒரு கார் நல்ல மனதோடு நின்று "போ போ" என்று கை காட்டும். பிள்ளை ஓடும். நின்ற காரைத் தாண்டிக்கொண்டு அடுத்த வரிசையில் ஒரு வண்டி வரும். கை காட்டியவர் அவருடைய வண்டிக்கு மட்டும்தான் பொறுப்பு. நின்ற வண்டியின் முனைவரை நடந்து, மறுபடி நின்று, அடுத்த வரிசையைப் பார்த்த பிறகே நகர வேண்டும்.

கேள்வி: ஐந்து வயதுப் பையன். கையை உதறிவிட்டு ஓடுகிறான். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை.

கேட்க மாட்டான், அந்த வயது அப்படி. விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். சாலைப் பக்கம் நீங்கள், உள்பக்கம் அவன். "ஓரம் வந்தா சிலை" என்று ஒரு விளையாட்டு: நடைபாதை ஓரத்தைத் தொட்டதும் அசையாமல் நிற்க வேண்டும். தினமும் விளையாடினால் கால் தானாக நிற்கும்.

கேள்வி: தம்பி, நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் தனியாகத்தான் போனோம். இப்போது எதற்கு இவ்வளவு அமர்க்களம்? (ஒரு தாத்தா)

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவில் 1969-இல் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் நடந்தோ சைக்கிளிலோ போனார்கள். 2009-இல் அது 13 சதவீதம். மற்ற பாதியைச் சொல்கிறேன். அந்தக் காலம் பத்திரமான காலமில்லை. இன்று சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்தில் 1971 ஒரே ஆண்டில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் இறந்தார்கள். பெற்றோர் கொதித்துப்போய்த் தெருவில் இறங்கினார்கள். அந்த இயக்கத்துக்கு 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்றே பெயர். அங்கே சைக்கிள் பாதைகள் பெருகியதில் அந்தப் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தனியாகப் போய்த் திரும்பி வந்தவர்கள்தானே ஐயா நமக்குக் கதை சொல்கிறார்கள்?

பேரப்பிள்ளைகளோடு நீங்கள் நடந்தால் நல்லது. உங்கள் நடைவேகமும் அவர்கள் நடைவேகமும் ஒத்துப்போகும்.

கேள்வி: சைக்கிள் எப்போது? பெரியதாகவே வாங்கிவிட்டால் இரண்டு மூன்று வருஷம் வருமே?

அந்தக் கணக்குப் போடாதீர்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையைத் தொட வேண்டும். பிரேக் லீவரை அந்தச் சின்ன விரல்கள் எட்டிப் பிடித்து இறுக்க முடிய வேண்டும். கடையிலேயே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டாத பிரேக் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

ஓட்டத் தெரியாத குழந்தை என்றால் பக்கச் சக்கரம் வேண்டாம். பெடலைக் கழற்றுங்கள், சீட்டை இறக்குங்கள், காலால் உந்தி உந்தி ஓடட்டும். சமநிலை வந்தபின் பெடலை மாட்டினால் போதும். பக்கச் சக்கரத்தில் பெடல் மிதிக்கத்தான் வரும், சாய்ந்து திரும்ப வராது.

ஓட்ட வந்துவிட்டால் பள்ளிக்கு அனுப்பலாமா என்றால், இல்லை. மைதானத்தில் நான் மூன்று விஷயம் பார்ப்பேன். நேர்கோட்டில் போய்க்கொண்டே வலது தோளுக்கு மேல் பின்னால் திரும்பிப் பார்த்து, நான் எத்தனை விரல் காட்டினேன் என்று சொல்ல வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தலை திரும்பும்போது ஹேண்டிலையும் சேர்த்துத் திருப்பிவிடுவார்கள். சாலையில் அது நேராக வண்டிக்கு முன்னால் கொண்டுபோய் விடும். அடுத்தது, ஒரு கையை நீட்டிச் சைகை காட்டியபடி பத்து மீட்டர் போவது. மூன்றாவது, "நில்" என்றதும் சறுக்காமல் நிற்பது. நெதர்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு 1932 முதல் போக்குவரத்துத் தேர்வு நடக்கிறது. தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்புகளில் எழுத்துத் தேர்வு, அதோடு பல இடங்களில் உண்மையான சாலையிலேயே சைக்கிள் தேர்வு. நம் வீட்டளவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்படி ஒரு தேர்வு வைத்தால் போதும்.

கேள்வி: ஹெல்மெட் இருந்தால் பயமில்லைதானே?

ஹெல்மெட் கட்டாயம் போடட்டும். ஆனால் அது விழுந்த பிறகு உதவுவது, விழாமல் காப்பாற்றாது. அதற்கு முன்னால் காற்று, பிரேக், செயின் மூன்றையும் பாருங்கள்.

நான் பார்க்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் ஹெல்மெட்டைத் தொப்பி மாதிரிப் பின்னுக்குத் தள்ளிப் போடுகிறார்கள். நெற்றி திறந்து கிடக்கும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு நேராக உட்கார வேண்டும். வார் இரண்டும் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் சரி. பலமாக ஒருமுறை அடிபட்டுவிட்டால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கத்தான் செய்யப்பட்டது.

கேள்வி: பன்னிரண்டு வயதுப் பையன் நன்றாக ஓட்டுகிறான். வழியில் லாரிகள் வரும். அதுதான் கவலை.

நியாயமான கவலை. லாரியோ பேருந்தோ இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போகும் வழியில் பின்சக்கரம் போகாது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். சிக்னலில் லாரிக்கு இடப்பக்கம் இருக்கும் சந்தில் சைக்கிள் நுழைந்து நிற்கும். விளக்கு பச்சையானதும் லாரி திரும்பும். அந்தச் சந்து அப்படியே மூடிக்கொள்ளும். ஓட்டுநருக்கு அந்த இடம் பெரும்பாலும் தெரிவதே இல்லை.

பையனை எங்காவது நிறுத்தியிருக்கும் லாரியின் ஓட்டுநர் இருக்கையில் ஒருமுறை உட்காரவைக்க முடியுமா என்று பாருங்கள். நீங்கள் வெளியே இடப்பக்க முன்மூலையை ஒட்டி நில்லுங்கள். "அப்பா எங்கே?" என்று அவன் தேடும்போது விஷயம் புரிந்துவிடும். எங்கள் விதி ஒன்றுதான்: பெரிய வண்டிக்குப் பக்கத்தில் நிற்காதே, பின்னாலேயே நில். கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உனக்குத் தெரியவில்லையென்றால் அவருக்கு நீ தெரியவில்லை.

நிறுத்திய கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓட்டச் சொல்லுங்கள். கதவு திறப்பவர்கள் பின்னால் பார்ப்பதில்லை.

கேள்வி: எல்லாரும் பள்ளி வாசல்வரை காரில் கொண்டுவிடுகிறார்கள். அந்த நெரிசலுக்குப் பயந்தே நாங்களும் காரில் போகிறோம்.

மன்னிக்கவும், கொஞ்சம் சிரிப்பு வந்தது. அந்த வரிசையில் உள்ள ஒவ்வொருவரும் இதையேதான் சொல்வார்கள்.

தனியாக யாரும் இதை மாற்ற முடியாது, நாலு குடும்பம் சேர்ந்தால் முடியும். 'நடைப் பேருந்து' என்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியரான டேவிட் எங்விக்ட் 1990-களின் தொடக்கத்தில் சொன்ன யோசனை. 1998-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸில் நடைமுறைக்கு வந்து பல நாடுகளுக்குப் பரவியது. முன்னால் ஒரு பெரியவர் 'ஓட்டுநர்', பின்னால் ஒருவர் 'நடத்துநர்', நடுவில் பிள்ளைகள். நிறுத்தங்கள் உண்டு, நேரம் உண்டு. தாமதமாக வருபவருக்காகக் காத்திருப்பதில்லை; இதில் கறாராக இல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் கலைந்துவிடும். இதையே சைக்கிளில் செய்வதுதான் பார்சிலோனாவில் பேர் பெற்ற 'பிசிபுஸ்'.

வீடு தூரம் என்பவர்களுக்கு: பள்ளிக்கு அரை கிலோமீட்டர் முன்னால் காரை நிறுத்திவிட்டு மீதியை நடங்கள். வாசலில் ஒரு கார் குறையும். இத்தாலியின் போல்சானோவில் பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் வாசல் தெருவை வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். பள்ளி நிர்வாகத்தையும் உள்ளாட்சியையும் கேட்கப்போகும்போது இரண்டு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டதிலிருந்து நிற்பதற்கு ஏறத்தாழ 13 மீட்டர் ஆகும். 50-இல் வந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தில் இரண்டாவது காரின் ஓட்டுநர் இன்னும் பிரேக்கையே மிதித்திருக்க மாட்டார்.

கேள்வி: வழியில் தெரியாத ஆட்கள் பேச்சுக் கொடுத்தால்?

"யாரிடமும் பேசாதே" என்று சொல்லாதீர்கள். தொலைந்துபோனால் யாரிடம் உதவி கேட்பது? யாரோடு போகலாம் என்று நாலைந்து பெயர் மட்டும் முடிவு செய்யுங்கள். வேறு யார் "அம்மா அனுப்பினாங்க" என்று வந்தாலும் வீட்டு ரகசியச் சொல்லைக் கேட்க வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் பள்ளிக்கோ, வழியில் நீங்கள் அறிமுகம் செய்துவைத்த வீட்டுக்கோ ஓட வேண்டும். பையின் வெளியே பெயர் எழுத வேண்டாம்.

கேள்வி: காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறாள், பதினான்கு வயது.

போனும் இயர்போனும் பள்ளி வாசல்வரை பைக்குள். இதில் பேரம் இல்லை. அவளுக்கு முன்னால் நீங்கள் போன் பார்த்துக்கொண்டு சாலை கடக்காமல் இருந்தால் சொல்வது எடுபடும்.

கேள்வி: மகன் நடக்கவே சோம்பல்படுகிறான். எப்படி ஆசை காட்டுவது?

பரிசு கொடுத்துப் பழக்காதீர்கள், நின்றதும் நடையும் நின்றுவிடும். காலை அவசரம்தான் பெரும்பாலும் காரணம். பிள்ளைக் காலுக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் கால் மணி நேரம். வழியில் பூனை இருந்தால் இருபது நிமிஷம். பத்து நிமிஷம் முன்னால் கிளம்புங்கள். ஒரு நண்பனைச் சேர்த்துவிடுங்கள், அதற்கு மிஞ்சிய மருந்து நான் பார்த்ததில்லை.

5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிஷம் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். போகக் கால் மணி, வரக் கால் மணி என்றால் பாதி முடிந்தது. டென்மார்க்கில் 2012-இல் கிட்டத்தட்ட 20,000 மாணவர்களிடம் நடத்திய சோதனையில், நடந்தோ சைக்கிளிலோ வந்தவர்களின் கவனக்குவிப்பு மேலாக இருந்தது. ஆனால் இதையெல்லாம் மகனிடம் சொல்லி நடக்கவைக்க முடியாது, உங்கள் தெம்புக்குச் சொன்னேன்.

கேள்வி: முதல் நாள் தனியாக அனுப்பிவிட்டு, மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன். அவள் பார்த்துவிட்டாள். இரண்டு நாளாகப் பேசவில்லை.

ஒளிந்துபோனதற்குத்தான் கோபம். சொல்லிவிட்டே போங்கள். ஒரு வாரம் இருபதடி பின்னால். அடுத்த வாரம் பெரிய சந்திப்பைத் தாண்டும்வரை மட்டும், அங்கேயே நின்றுகொள்ளுங்கள். அப்புறம் தெருமுனை. அப்புறம் வீட்டு வாசல். வாசலில் நிற்கும் நாளில் கடிகாரம் பார்ப்பீர்கள். அவள் திரும்பிக் கை காட்டும்வரை பார்த்துக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள்.