வெளிநாடுகள் ஆயுதம் தருவதை நிறுத்தினால் போர் நின்றுவிடுமா?

வெளிநாடுகள் ஆயுதம் கொடுப்பதை நிறுத்திவிட்டாலே போர்கள் தானாக ஓய்ந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நடந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். ஆனால் பொஸ்னியாவில் நடந்தது வேறு.

1991 செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை, யூகோஸ்லாவியா முழுவதற்கும் ஆயுதத் தடை விதித்தது. எந்தத் தரப்புக்கும் கொடுக்கக் கூடாது என்பதுதான் முடிவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு பொஸ்னியா பிரிந்து தனி நாடானபோது, பழைய யூகோஸ்லாவிய ராணுவத்தின் டாங்கிகளும் பீரங்கிகளும் பெரும்பாலும் செர்பியத் தரப்பின் கையில் இருந்தன. தடை அந்த ஏற்றத்தாழ்வை மாறவே விடவில்லை. பொஸ்னியத் தலைநகர் சரயேவோ 1992 முதல் 1996 வரை செர்பியப் படைகளின் முற்றுகையில் கிடந்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகா நகரில் சுமார் 8,000 பொஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் அதே படைகளால் கொல்லப்பட்டார்கள். தடை ஒன்றுதான் இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன்; காப்பாற்றப் போன ஐ.நா. படையும் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஆனால் ஒருவரிடம் பீரங்கி குவிந்து கிடக்கும்போது இருவருக்கும் கொடுக்க மாட்டேன் என்பது, இருப்பவர் பக்கம் சாய்வதுதான்.

உக்ரைனிலும் இதே கதைதான். ரஷ்யாவுக்குச் சொந்தத் தொழிற்சாலைகள் உண்டு. போதாததற்கு ஈரானின் டிரோன்களும் வட கொரியாவின் பீரங்கிக் குண்டுகளும் போய்ச் சேர்ந்தன. மேற்கு நாடுகள் மட்டும் கைவிரித்திருந்தால் சண்டை சீக்கிரம் முடிந்திருக்கலாம், படையெடுத்தவர் நினைத்தபடி. அதனால் உக்ரைனுக்கு ஆயுதம் கொடுத்தது சரி என்றே நினைக்கிறேன்.

சரி, அப்படியென்றால் கேட்பவருக்கெல்லாம் கொடுக்கலாமா? ஈரான்-ஈராக் போரைப் பாருங்கள். 1980இல் ஈராக் படையெடுத்தது. சோவியத் யூனியனும் பிரான்சும் ஈராக்குக்கு விற்றன. சீனா இரண்டு பக்கமும் விற்றது. ஈரானுக்கு ஆயுதம் தராதீர்கள் என்று மற்ற நாடுகளை வற்புறுத்திய அமெரிக்காவே 1985-86இல் ரகசியமாக ஈரானுக்கு டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளை அனுப்பியது. எட்டு ஆண்டுகள், லட்சக்கணக்கான உயிர்கள். 1988இல் சண்டை நின்றபோது எல்லைக்கோடு ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருந்தது. வெளியிலிருந்து வந்த ஆயுதம் இல்லாமல் இது இவ்வளவு காலம் இழுத்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆயுதம் கொடுத்தவருக்குப் போர் முடிந்த பிறகும் அதன்மேல் பிடி இருக்கும் என்று நம்பவும் முடியாது. 2011இல் லிபிய ஆட்சியாளர் கடாபி வீழ்ந்ததும் அந்நாட்டுக் கிடங்குகளிலிருந்து போன ஆயுதங்கள் அடுத்த ஆண்டே மாலியின் கலகத்தில் வெடித்தன. 2014இல் ஈராக்கின் மோசுல் நகரம் விழுந்தபோது அந்நாட்டு ராணுவத்துக்கு அமெரிக்கா தந்த சுமார் 2,300 ஹம்வீ ராணுவ வண்டிகள் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் கைக்குப் போனதாக ஈராக் பிரதமரே பிறகு சொன்னார்.

ஆனால் போர் நடக்கும்போது கொடுப்பவருக்கு ஒரு பிடி நிச்சயம் உண்டு: உதிரி பாகமும் குண்டும். 1965 போரில் அமெரிக்கா இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் சேர்த்தே ஆயுதத்தை நிறுத்தியது. அமெரிக்கத் தளவாடங்களையே நம்பியிருந்த பாகிஸ்தானுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. அதற்குப் பிறகு அது சீனாவிடம் அதிகம் வாங்கத் தொடங்கியது என்பதும் உண்மை; இந்தப் பிடியை அடிக்கடி இறுக்க முடியாது. அதனால்தான் எங்கே இறுக்க வேண்டுமோ அங்கே இறுக்காமல் விடுவது எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

யேமன் அப்படி ஓர் இடம். 2015 மார்ச்சில் சவூதி தலைமையிலான கூட்டணி அங்கே குண்டுவீசத் தொடங்கியது. சவூதியின் போர் விமானங்கள் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் தயாரிப்புகள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2014 டிசம்பரில், ஆயுத வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. போர்க் குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்தால் ஆயுதம் விற்கக் கூடாது என்கிறது அது. பிரிட்டன் அதை ஏற்று உறுதி செய்த நாடு. அமெரிக்கா கையெழுத்திட்டதோடு சரி. 2016இல் யேமன் தலைநகர் சனாவில் ஒரு துக்க நிகழ்ச்சி நடந்த மண்டபத்தின் மீது கூட்டணியின் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018இல் சாதா மாகாணத்தில் ஒரு பேருந்து தாக்கப்பட்டு 40 பள்ளிச் சிறுவர்கள் இறந்தார்கள். கடந்தகாலத் தாக்குதல்களில் சட்டமீறல் நடந்ததா என்று பார்க்காமலேயே பிரிட்டிஷ் அரசு சவூதிக்கு ஆயுதம் விற்க உரிமம் கொடுத்திருக்கிறது, அது சட்டப்படி செல்லாது என்று 2019 ஜூனில் பிரிட்டிஷ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. புதிய உரிமங்கள் நின்றன. அடுத்த ஆண்டு ஜூலையில், நடந்தவை அங்கொன்றும் இங்கொன்றுமான சம்பவங்கள் என்று சொல்லி அரசு மறுபடி உரிமம் கொடுக்க ஆரம்பித்தது.

இங்கே நிறுத்தியிருந்தால் பலன் இருந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து. பராமரிப்பும் உதிரி பாகமும் வராமல் அந்த விமானங்கள் நீண்ட நாள் பறந்திருக்க முடியாது. கூட்டணியை எதிர்த்துப் போரிட்ட யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களுக்கு ஈரானிலிருந்து ஆயுதம் வந்துகொண்டிருந்தது, அதனால் போர் முழுவதும் நின்றிருக்கும் என்று சொல்லவில்லை. வானிலிருந்து விழுந்த குண்டுகளாவது குறைந்திருக்கும்.